கால் எட்டுகிற சைக்கிள்

முகுந்தன் அந்த வேண்டுதலை வைத்தபோது அவனிடம் சைக்கிளே இல்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் அவன். விடிந்தால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றுவான், வெயில் ஏறினால் இறக்குவான். நாற்பத்து நாலு வயதில் ஒருநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், பூசாரி முருகையா கற்பூரத் தட்டோடு நிற்க, நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டான். "பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவரு முருகன் கோயிலுக்கு மிதிச்சே வர்றேன். எம்புள்ளைய எழுப்பிக் குடு."

மாரான் கிட்டத்திலா இருக்கிறது? சிரம்பானைத் தாண்டி, புக்கிட் பூத்துஸ் மேடு ஏறி, கோலப்பிலா, பகாவ் என்று போய், அதற்கப்புறம் பகாங் மாநில எல்லைக்குள் முடிவே தெரியாத செம்பனைக் காடுகளைக் கடந்து போகவேண்டும். தோட்டத்து ஜனங்கள் வருஷா வருஷம் பஸ் பிடித்துப் போய் வருகிற ஊர். நடந்து போகிறேன் என்று நேர்ந்துகொண்டால் அத்தனை நாள் லீவு கொடுக்க, வேலையை மேய்க்கிற மண்டோர் ஒன்றும் முருகனுக்கு மாமன் மச்சான் இல்லை. மோட்டார் சைக்கிளில் போனால் அது வேண்டுதலும் இல்லை, சுற்றுலா. கடவுளையும் மண்டோரையும் ஒருசேரச் சமாளிக்க இவனுக்குத் தெரிந்த ஒரே வழி சைக்கிள்.

பிள்ளை ஷாமினிக்குப் பதினொரு வயது. தைப்பூசம் கழிந்த வாரம் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. பனடோல் கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்த அம்மாவின் மடியிலேயே கை கால் வெட்டி இழுத்து விழுந்தாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அன்றைக்கு மூடிய கண்ணை இன்னும் திறக்கவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். டாக்டரைக் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் ஒரு குடும்பம் எப்படி உயிர்வாழும் என்று அவருக்கு யார் சொல்வது?

முகுந்தன் அந்த வார்டுக்குள் ஒரே ஒரு தடவைதான் போனான். மூக்குக் குழாயைப் பார்த்தான். திரும்பி வந்து லிஃப்ட் பக்கத்தில் வாந்தியெடுத்தான். அதற்கப்புறம் மேலே போகவில்லை. நாசி லெமாக் சோறு கட்டிக்கொண்டு வருவான், துணிமணி கொண்டு வருவான், பெம்பர்ஸ் வாங்கி வருவான், எல்லாவற்றையும் கீழே கேண்டீனிலேயே மனைவி புனிதா கையில் கொடுத்துவிடுவான். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை அவனைப்போல் மதித்த ஆள் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே கிடையாது.

செனாவாங் ஃபாக்டரியில் வேலை செய்த புனிதா சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் காலை முதல் மாலை வரை பிள்ளை பக்கத்திலேயே கிடந்தாள்.

சைக்கிள் வாங்க முகுந்தன் சிரம்பான் பக்கத்து ராசாவுக்குப் போனான். அந்த ஊர்க் கோயிலுக்கு எதிர்வரிசையில் ஹேமநாதன் என்று ஒருவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். காடு மலையெல்லாம் மிதித்துச் சுற்றுகிறவன். தாடி வைத்திருந்தாலும் சின்ன வயசுதான்.

"எதுக்குண்ணே சைக்கிளு? சும்மா எக்ஸர்சைஸுக்கா?"

"மாரான் போவணும்."

ஹேமநாதன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மாரானா? எந்த வழியாண்ணே?"

"பகாவ் வரைக்கும் ரோட்டுல. அங்கேருந்து தோட்டத்து வழியா போயிடலாம்னு. பெரிய ரோட்டுல மர லாரிக்காரனுங்க மனுசன் போறதப் பாக்க மாட்டானுங்க."

"அப்ப கிரேவல் பைக்தான்ணே." ஹேமநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரோட் பைக்கு டயரு ஒல்லி, தோட்டத்துச் செம்மண்ணுல மழை பேஞ்சா வழுக்கி வுட்டுரும். மவுண்டன் பைக்கு கனம், அவ்ளோ தூரம் மிதிச்சா இடுப்பு கழண்டுரும்லா. இது நடுவுல. டயரு பாருங்க, எவ்ளோ அகலம். தாருலயும் ஓடும், கல்லுலயும் ஓடும். ஹேண்டில் வளைஞ்சிருக்கே, கை வலிச்சா மாத்தி மாத்திப் புடிச்சிக்கலாம்."

"புக்கிட் பூத்துஸ் மேடு ஏறுமா?"

"பின்னால இந்தப் பெரிய பல்லுச் சக்கரம் இருக்கு பாருங்க, செயின இதுல போட்டா மெதுவா ஏறிடும். மொத மொதல்ல வாங்குறவங்களுக்கு இந்த மாடலே போதும். கார்பனு, அது இதுன்னு எவனாச்சும் சொல்லுவான், கேக்காதீங்க. டிஸ்க் பிரேக்கு மட்டும் இருக்கணும், மழைல அதான் புடிக்கும். மத்ததெல்லாம் அப்புறம். சைஸு சரியா இருந்தா பாதிக் கஷ்டம் கொறஞ்சிரும்."

அந்தச் சைஸில்தான் வந்தது வினை.

முகுந்தன் நல்ல உயரம். ஹேமநாதன் அவன் கால் நீளத்தை அளந்துவிட்டுப் பெரிய ஃபிரேம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகுந்தன் ஏறி உட்கார்ந்தான். கட்டைவிரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. சட்டென்று இறங்கிவிட்டான்.

"இது வேணாம் தம்பி. காலு எட்டல."

"எட்டக் கூடாதுண்ணே. பெடலு கீழ போறப்ப காலு நீளணும். அப்பத்தான் முட்டி தாங்கும்."

"காலு எட்டாத சைக்கிள்ல எப்படிலா போறது? நிப்பாட்டுனா விழ மாட்டேன்?"

"எறங்கி நிக்கணும்ணே. சீட்டுல உக்காந்துகிட்டே நிக்க இது மோட்டரா?"

எவ்வளவு சொல்லியும் முகுந்தன் கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் அப்பா தங்கராஜு ரப்பர்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும். சரிவான மண்பாதையில் எங்கே நிறுத்தினாலும் இரண்டு உள்ளங்காலும் அகலத் தரையில் பதியவேண்டும். இல்லாவிட்டால் சைக்கிள் சாயும், பால் கொட்டும், அன்றைய உழைப்பு மண்ணோடு போகும். சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதமும் படிந்தால்தான் சைக்கிள் உன்னுடையது என்பது தோட்டத்துச் சட்டம். அந்தச் சட்டத்தில் வளர்ந்த கால் அவனுக்கு. இந்தச் சைக்கிளில் கொட்டுவதற்குப் பால் இல்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியாது.

கடையின் மூலையில் இருந்த சின்ன ஃபிரேமைத் தானே இழுத்து வந்து உட்கார்ந்து பார்த்தான். இரண்டு பாதமும் பதிந்தன. "இதான்" என்றான்.

"அண்ணே, அது பொம்பளைங்க, சின்ன ஆளுங்க எடுக்குற சைஸு."

"எனக்குப் புள்ள விழுந்து கெடக்குதுலா. நானும் விழ முடியாது."

ஹேமநாதன் பம்பை எடுத்துச் சின்னச் சைக்கிளின் டயருக்குக் காற்றடித்தான்.

மறுநாளே கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். முருகையா சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஹேண்டிலில் மஞ்சள் துணி கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். முகுந்தன் கையில் காப்புக் கட்டினார். "இனிமே இது சாமி வண்டி. வேற வண்டி மாத்தக் கூடாது, பாத்துக்க" என்றார். முகுந்தன் பயபக்தியோடு தலையாட்டினான்.

வேலை முடிந்து சாயங்காலம் சாயங்காலம் மிதித்தான். செம்பனைக்கு நடுவே லாரி போய்ப் போய்க் குழி விழுந்த செம்மண் பாதை. அகல டயர் கல்லையும் சேற்றையும் ஒன்றும் சட்டை செய்யவில்லை. ஹேமநாதன் சொன்னது அத்தனையும் உண்மை. மிதிக்கும்போது முகுந்தனுக்குப் பிள்ளையின் மூக்குக் குழாய் ஞாபகம் வராது. மூச்சு வாங்கும், வியர்வை கண்ணில் இறங்கும், அடுத்த மேடு, அடுத்த வளைவு என்று போகும். வீடு திரும்பிச் சைக்கிளைச் சாத்தும்போது எல்லாம் சேர்ந்து வந்து நெஞ்சில் உட்காரும். அதனால் தினமும் கொஞ்சம் அதிக தூரம் போனான். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. புனிதா ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெம்பு இல்லை.

லுக்குட் வரை போய் வந்த அன்று இரண்டு முட்டியும் குத்தின. நல்லெண்ணெய் தேய்த்தான். போர்ட் டிக்சன் போய் வந்த அன்று டிராக்டர் கிளட்சை மிதிக்க முடியவில்லை. நொச்சி வைத்துக் கட்டினான். வலிக்க வலிக்கத்தான் சாமிக்குப் போய்ச் சேரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு இன்னும் மிதித்தான். உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வலது முட்டி பலாக்கொட்டை வைத்துத் தைத்ததுபோல் வீங்கிவிட்டது. மடங்கவே இல்லை.

சைக்கிளைத் தோட்டத்து லாரியில் போட்டுக்கொண்டு, நொண்டியபடி ராசாவுக்குப் போனான். ஹேமநாதன் பார்த்ததும் சீட்டை உயர்த்தினான். கம்பி அதன் கடைசிக் கோடு வரை வந்துவிட்டது, அப்போதும் உயரம் போதவில்லை. "அண்ணே, இது ஒங்க சைஸே இல்ல. பெரிசு இப்ப ஸ்டாக் இல்ல, அடுத்த மாசந்தான் வரும். வந்ததும் மாத்தித் தர்றேன், காசு ஒண்ணும் வேணாம்."

"மாத்தக் கூடாது தம்பி. பூச போட்டாச்சு."

"பூச போட்டா மட்டும் ஒங்க காலு குட்டையாயிடுமா?" என்று கேட்டுவிட்டான் ஹேமநாதன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரிண்ணே" என்றான்.

மறுநாள் காலை புனிதா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முகுந்தன் வாசல் சிமெண்டுக் கட்டையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி பெய்த மழை கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னா முட்டில துணி?"

"ஒண்ணும் இல்ல."

அவள் குனிந்து துணியை அவிழ்த்தாள். பார்த்தாள். திரும்பக் கட்டினாள்.

"சைஸு தப்பா எடுத்துட்டேன் புனிதா. அந்தப் பையன் சொன்னான், நாந்தான் கேக்கல. காலு எட்டணும்னு பாத்தேன்."

"ஒரு சைக்கிளு. ஒரே ஒரு சைக்கிளு வாங்கத் தெரியல ஒங்களுக்கு."

"எப்படியாச்சும் போயிடுவேன். ஒத்தக் காலுல மிதிச்சாவது..."

"போவீங்க. தெரியும் எனக்கு. காலு கழண்டு விழுந்தாக்கூட போவீங்க. ஏன்னு சொல்லவா? மாரானு எவ்ளோ தூரமோ அவ்ளோ தூரம் அவகிட்டேருந்து ஓடலாம். அதான்."

"என்னாடி பேசுற? அவளுக்காகத்தான..."

"அவளுக்காகவா? நீ ஒருநாளு வந்து உக்காந்தியா?" 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. "வாயி காஞ்சி வெடிச்சிப் போயிருக்கு, பஞ்சு நனச்சித் தொடைக்கணும். தொடச்சியா? காலு மரத்துப் போயிடும், மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி வுடணும்னு நர்ஸு மிஸ்ஸி சொல்லிக் குடுத்தாங்க. செஞ்சியா? காதுல பேச்சு குடுத்துக்கிட்டே இருங்கன்னு டாக்டரு சொல்றாரு. நான் என்னாத்தப் பேசுவேன்? எல்லாம் பேசி முடிச்சிட்டேன். பள்ளிக்கொடம், பூன, பக்கத்து வூட்டு சண்ட, எல்லாத்தையும் பேசிட்டேன். நேத்து சோப்பு டப்பாவுல எழுதியிருக்கறத வாசிச்சேன் அவளுக்கு. எனக்குப் பேச்சே தீந்துபோச்சு, தெரியுமா ஒனக்கு?"

முகுந்தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "பயமா இருக்கு புனிதா. அந்தக் குழாயப் பாத்தா எனக்கு ஈரக்கொலயே நடுங்குது. அவ அப்படியே... நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே ஏதாச்சும் ஆயிட்டா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

அவன் முட்டியில் அவிழ்ந்திருந்த துணி முனையைச் செருகினான்.

புனிதா சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பிடித்து நிமிர்த்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஹேமநாதன் உயர்த்திவைத்த சீட்டு அப்படியே இருந்தது, ஒரு சாண் இறக்கினாள். மறுபடி ஏறி, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றினாள். கீழே போன கால் வேண்டிய அளவு நீண்டது. மேலே வந்த முட்டி வேண்டிய அளவு மடங்கியது. கை எட்டிய இடத்தில் ஹேண்டில் இருந்தது. கடைக்காரன் அவளை அளந்து எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது சைக்கிள்.

"காலு தரையில எட்டல பாரு" என்றான் முகுந்தன், அந்த நேரத்திலும்.

"நாங்க பால் தூக்கல. பகாவ் தோட்டத்துலேருந்து டவுன் பள்ளிக்கொடத்துக்கு அண்ணன் சைக்கிள்ல போவேன். மணி அடிக்கறதுக்குள்ள போவணும், அதான் கணக்கு. காலு எட்டுதா, எட்டலியான்னு யாரு பாத்தா?" இறங்கினாள். "நான் போறேன் மாரானுக்கு."

"நீயா?"

"பகாவுக்கு அப்பால அந்த ரோடெல்லாம் நான் பொறந்து வளந்த ஊரு. என் தம்பி யோகேந்திரன் மோட்டர்ல பின்னால வருவான். நீங்க போயி புள்ளகிட்ட உக்காருங்க."

"புனிதா, அது மட்டும்..."

"அது மட்டுந்தான். வேற ஒண்ணும் நான் ஒங்கள கேக்கல."

கோயிலில் முருகையா தலையைச் சொறிந்தார். "நேந்துகிட்டவன் ஒருத்தன், போறவ ஒருத்தியா? காப்பு அவன் கையிலல்ல கட்டியிருக்கு."

"வண்டி அதேதான் மாமா. புள்ளையும் அதே புள்ளதான். சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க அவுத்து என் கையில கட்டுங்க."

முருகையா அவிழ்த்தார். மஞ்சள் கயிறு போன இடத்தில் முகுந்தனின் மணிக்கட்டு வெளுத்துப்போய்க் கிடந்தது. அவனுக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது.

அந்த வாரம் புனிதா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, செம்பனைப் பாதையில் மிதித்துப் பழகினாள். முதல் நாள் பள்ளத்தில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து மிதித்தாள். அவளுக்கு ஒன்றும் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. வேறு செய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

உத்திரத்துக்கு முதல் நாள் விடியுமுன் கிளம்பினாள். மஞ்சள் சட்டை, ஃபாக்டரி டிராக் சூட், முதுகில் பை. யோகேந்திரன் தண்ணீர், டியூப், பம்பு எல்லாம் மோட்டாரில் கட்டியிருந்தான். முகுந்தன் பெட்ரோல் ஸ்டேஷன் வளைவு வரை நொண்டிக்கொண்டே கூட வந்தான்.

"மேட்டுல பெரிய பல்லுல போடு. எறக்கத்துல பின் பிரேக்க மொதல்ல புடி."

"தெரியும். நீங்க பஞ்ச நனச்சிட்டுப் புழிஞ்சிட்டுத் தொடைங்க. தண்ணி உள்ள போயிடக் கூடாது."

சைக்கிளின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது. முகுந்தன் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குக் காத்து நின்றான். பஸ் வந்தது, ஏறினான்.

வார்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்த நர்ஸ், மிஸ்ஸி ஃபஸீஹா, அவனைப் பார்த்து, "ஷாமினி அப்பாவா? இவ்ளோ நாளு காணோம்?" என்றாள். தப்பாகக் கேட்கவில்லை அவள், வாயில் வந்ததைக் கேட்டாள். கையைக் கழுவச் சொல்லி, முகக்கவசம் கொடுத்து, உள்ளே அழைத்துப் போனாள்.

குழாய் அங்கேயே இருந்தது. பிள்ளை இளைத்துப்போயிருந்தாள். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள், அதைப் புனிதா அவனிடம் சொல்லவே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாந்தி வரவில்லை. பஞ்சை நனைத்தான், பிழிந்தான், உதட்டைத் துடைத்தான். உதட்டில் உரிந்திருந்த தோல் பஞ்சோடு வந்தது.

"பேசுங்கண்ணே" என்றாள் மிஸ்ஸி. "சும்மா நிக்காதீங்க. இவங்க அம்மா பேசிக்கிட்டே இருப்பாங்க."

என்ன பேசுவது? பிள்ளையின் காதுப் பக்கம் குனிந்தான். "ஷாமினிமா. அப்பா ஒரு சைக்கிளு வாங்குனேன். கிரேவல் பைக்காம். டயரு இம்மாம் அகலம். நான் லூசு மாதிரி சின்ன சைஸ எடுத்துட்டேன். அம்மாவுக்குத்தான் சரியா இருக்கு. இப்ப அவங்கதான் ஓட்டிக்கிட்டுப் போறாங்க. வெயிலு வேற ஏறிடிச்சி..."

மிஸ்ஸி போர்வையை விலக்கி, கால்களைக் காட்டினாள். ஒரு கை குதிகாலில், ஒரு கை முட்டிக்கடியில். மெதுவாக மடக்கவேண்டும், மெதுவாக நீட்டவேண்டும். பிறகு அடுத்த கால். அவள் செய்து காட்டிவிட்டுப் போனாள்.

முகுந்தன் மடக்கினான், நீட்டினான். அடுத்த காலை மடக்கினான், நீட்டினான். ஒன்று மேலே வர, ஒன்று கீழே போனது. தன்னுடைய வீங்கிய முட்டியை நாற்காலியில் முட்டுக்கொடுத்துக்கொண்டான். புக்கிட் பூத்துஸ் மேட்டில் புனிதா இப்போது என்ன பல்லில் போட்டிருப்பாள் என்று நினைத்தான். மேடு என்றால் மெதுவாகத்தான் போகவேண்டும். மெதுவாக மடக்கினான், மெதுவாக நீட்டினான். பிள்ளையின் கால் கனமாகவே கிடந்தது, தானாக ஒரு நூல் அளவுகூட அசையவில்லை.

மத்தியானம் ஃபோன் வந்தது. காற்றும் மூச்சுமாக இரைந்தது. "பகாவ் தாண்டிட்டேன். எங்க இருக்கீங்க?"

"உள்ளதான். அவகிட்ட."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி. கெமாயான்ல அத்தை வூட்டுல படுத்துட்டு நாளைக்கி மிதிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளும் அவன் வந்தான். துடைத்தான், பேசினான், பேச்சு தீர்ந்தபோது சோப்பு டப்பாவை வாசித்தான். டாக்டர் வந்து கண்ணிமையை விலக்கி விளக்கடித்துப் பார்த்து, "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் மழையாக இருக்குமோ, செம்மண் வழுக்குமோ, டயர் பிடிக்குமோ என்று ஜன்னலையே பார்த்தான். கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் கையில் ஏந்திக்கொண்டான்.

வேலை முடிந்து போகிற வழியில் மிஸ்ஸி ஃபஸீஹா எட்டிப் பார்த்தாள். "இன்னுமா? போதும்ணே. காலைலயும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் செஞ்சா போதும். ஒங்களுக்குக் கையி வலிக்கும்."

முகுந்தன் நிறுத்தவில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டினான்.

"அவங்க அம்மா இன்னும் போய்ச் சேரல மிஸ்ஸி" என்றான்.